வரை

சேன்-தெனி நீதிமன்றத்தில்
கோப்புகளுக்கு எண் போடுபவள் நான்.
இன்றைக்கு வந்தது:
பூங்காவனம் எதிர் சுங்கத் துறை.

சேன்-அந்த்ரேயில் ரொட்டிக்கடை.
லியோனிலிருந்து மாவு பிசையும் எந்திரம் ஒன்று வரவழைத்தார்.
லெ போர் துறைமுகத்தில் கிரேன் அதை இறக்கியதும்
கடல் வரி கட்டு என்றார்கள்.
பிரான்சில் ஏற்றி பிரான்சில் இறக்கிய பொருள்
நடுவில் எந்த நாட்டுக்குப் போய் வந்தது
என்று கேட்கிறது மனு.
கீழே கையெழுத்து, ழான்-ஈவ் பூங்காவனம்.
பூவும் வனமும் ரோமன் எழுத்தில் கசங்கி
ஐந்து தலைமுறை ஆகியும் நிமிராத பெயர்.

மூன்றாம் பக்கத்தில் ஐரோப்பா வருகிறது,
ஒப்பந்தம், பிரிவு, உட்பிரிவு.
இங்குள்ள நீதிபதிக்குச் சந்தேகம் வந்தால்
லுக்சம்பர்க்கைக் கேட்க வேண்டும்.
ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி
குளிர்காலக் கோட்டு மாட்டிய ஒருவர்
ஈஸ்ட் வாசனை இல்லாமல்
இந்த எந்திரத்தைப் படிப்பார்.

நகல் வாங்க அவரே வந்திருந்தார்.
மணிக்கட்டு ரோமத்தில் மாவு.
"அவ்வளவு நம்பிக்கையா ஐரோப்பா மேல்?"
எழுத்தர் கேட்கக் கூடாத கேள்வி.

"இரண்டாயிரத்து ஐந்தில் வேண்டாம் என்று போட்டவன்,
மாதாம். இந்தத் தீவே வேண்டாம் என்றது.
மூன்று வருடத்தில் வெர்சாயில் கூடி
எங்களைக் கேட்காமல் வேண்டும் என்றார்கள்.
வந்ததுதான் வந்துவிட்டது,
உபயோகப்படட்டும்."

நான் சிரிக்கவில்லை.
கீழூரில் நூற்றெழுபத்தெட்டுப் பேர் கூடி
புதுச்சேரி எந்த நாடு என்று முடிவு செய்தபோது
அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது.
யாரும் கேட்கவில்லை.
எட்டு வருடம் கழித்து ஒரு படிவம் வந்தது,
ஆறு மாதம் தவணை.
இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?
அவர் போட்ட கையெழுத்துக்குப் பிறந்தவள் நான்.

சுங்கத் துறையின் வக்கீல் மாதாம் ஓவாரோ
பதிலுரையின் அடிக்குறிப்பில்
ஜெர்மானிய நீதிமன்றம் ஒன்றை இழுத்திருக்கிறார்.
கார்ல்ஸ்ரூவே முதலில் சொன்னது:
எங்கள் உரிமைகளுக்கு ஈடான காவலை
ஐரோப்பா தராத வரை, நாங்கள்தான் பார்ப்போம்.
பன்னிரண்டு வருடம் கழித்து அதே நீதிமன்றம்:
அது தரும் வரை, நாங்கள் பார்க்க மாட்டோம்.
கதவு அதேதான்.
தாழ்ப்பாள் மட்டும் பக்கம் மாறியது.

மதிய இடைவேளையில் அந்தச் சொல்லிலேயே நின்றேன்.
வரை.
ஜன்னலுக்கு வெளியே மேகம் தின்றுகொண்டிருக்கும் மலையும் வரைதான்.
எல்லையும் வரைதான், அதைக் கிழிக்கும் கோடும்.
வரைந்துகொள்வது என்றால் மணம் முடிப்பது, பழந்தமிழில்.
இரவில் வந்து இரவிலேயே போகிறவனிடம்
தோழி கேட்பாள், எப்போது வரைவாய்?
பிரஸ்ஸல்ஸில் இருந்து வருவதெல்லாம் வரைவு.
ஊரறியக் கேட்டபோது ஊர் மறுத்தது.
பிறகும் வந்தான்,
வேறு பெயரில், பின்வாசல் வழியாக,
கையில் பரிசுப் பணத்தோடு.
நெடுஞ்சாலைப் பாலத்தில் நீலப் பலகை நட்டு
பன்னிரண்டு நட்சத்திரம் ஒட்டிவிட்டும் போனான்.
கெட்டவன் என்றும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று, மனுவில் இல்லாதது.
கடல் வரிப் பணத்தில்தான்
சேன்-அந்த்ரே நகராட்சி
பள்ளிச் சமையலறைக்குச் சம்பளம் தருகிறது.
அந்தச் சமையலறைக்கு ரொட்டி போடுவது
பூங்காவனம்.
ஜெயித்தால் யாருக்கு விற்பார்?
கேட்க வாய் வந்தது.
ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

அட்டையில் முத்திரை குத்தினேன்:
தீர்ப்பு வரும் வரை பாதுகாக்கவும்.

நகல் கட்டணத்துக்கு இருபது யூரோ நீட்டினார்.
அந்தத் தாளின் பின்புறம் ஐரோப்பாவின் வரைபடம்,
அடியில் ஓர் ஓரமாகச் சின்னப் பெட்டி,
பெட்டிக்குள் புள்ளியாய் எங்கள் தீவு.
அவர் கட்டைவிரல் சரியாக அங்கே அழுத்தி
மாவு அப்பியிருந்தது.
தட்டிவிடப் போனேன், விட்டுவிட்டேன்.
மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.